மார்கழி அமாவாசையில் திருவாதிரையைப் படம் பிடிக்க

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. வேலூரில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில், அந்த ஒரு மாதம் என் கேமராவுக்கு ஓய்வு. அதே மாதத்தில்தான் திருவாதிரை நட்சத்திரம் இரவு முழுக்க வானத்தில் நிற்கிறது. பீட்டல்ஜூஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாய் வரைக்கும் விழுங்கிவிடும், அவ்வளவு பெரிய சிவப்பு நட்சத்திரம். அதையும், பக்கத்தில் இருக்கும் ஓரியன் நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவர டெலஸ்கோப் வேண்டாம். நான் வைத்திருப்பது 1.6 கிராப் சென்சார் கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், கனமான டிரைபாட், டைமர் ரிமோட். நட்சத்திரத்துக்கும் நெபுலாவுக்கும் இடையில் 14 பாகை தூரம். படத்தின் நீளவாட்டில் இரண்டும் அமையும்படி கேமராவைத் திருப்பினால் தாராளமாக உள்ளே வரும்.

முதலில் நாள் பாருங்கள். ஆருத்ரா தரிசனத்தன்று எடுக்கத்தான் பலருக்கும் ஆசை. அன்றைக்கு மட்டும் வேண்டாம். மார்கழிப் பௌர்ணமி திருவாதிரையை ஒட்டித்தான் வரும். நிலா அந்தப் பக்கமே நின்றுகொண்டு நெபுலாவைச் சுத்தமாக மறைத்துவிடும். அன்று களி சாப்பிட்டுவிட்டு நிலாவைப் பாருங்கள். நமக்கு வேண்டியது அமாவாசை, அதாவது அனுமன் ஜெயந்தி இரவு. மேகம் கெடுத்தால் தை அமாவாசை இருக்கிறது, அதற்குள் மழை அநேகமாக ஓய்ந்திருக்கும்.

ஊருக்குள் விளக்கு வெளிச்சம் விடாது. நான் கணியம்பாடி தாண்டி அமிர்தி பக்கம் போகிறேன், ஜவ்வாது மலை அடிவாரம். இதே மலைத்தொடரில்தான் காவலூரில் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. காட்டுக்குள் நுழைய வேண்டாம். தெரிந்தவர்களைக் கேட்டு, மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய கொல்லையாகப் பாருங்கள். தரை சமமாக இருக்கும், மரமும் மறைக்காது. டிசம்பர் கடைசியில் இரவு 9 மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். பதினொன்றரைக்கு நட்சத்திரம் உச்சிக்கு வந்துவிடும், ஸ்கிரீனைப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்காது.

படம் பாழாவது பெரும்பாலும் ஃபோகஸில்தான். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, லைவ் வியூவில் ரீஜல் என்ற, ஓரியனில் திருவாதிரைக்கு எதிர் மூலையில் இருக்கும் நீல நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். முதலில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பொட்டு கடுகாகும், அப்புறம் ஊசிமுனையாகும், இன்னும் திருப்பினால் மறுபடி பருக்கும். அந்த ஊசிமுனைக்குத் திரும்பி வந்து, வளையத்தில் டேப் ஒட்டுங்கள். ஒட்டும்போது கை பட்டு நகர்ந்திருக்கும், அதனால் இன்னொரு தடவை பாருங்கள்.

லென்ஸை எஃப் 2.8க்குக் குறையுங்கள், முழுக்கத் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும். ஐஎஸ்ஓ 1600, ரா ஃபைல், வெயிலுக்கான வொயிட் பேலன்ஸ். ஷட்டர் 4 விநாடி. 500ஐ 80ஆல் (50 எம்எம்மை 1.6ஆல் பெருக்கியது) வகுத்து 6 விநாடி வரை போகலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் எடுத்துப் பார்த்ததில் 6 விநாடியில் நட்சத்திரம் அரிசிபோல் நீண்டுவிடுகிறது. பிறகு ஒன்றாக அடுக்குவதற்காக 4 விநாடியில் 400 படம், மொத்தம் 27 நிமிட வெளிச்சம். வானம் மணிக்கு 15 பாகை நகர்வதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி ஃபிரேமைச் சரிசெய்யுங்கள்.

பனியை மறந்துவிடாதீர்கள். ஒரு தை அமாவாசையில் 300 படம் எடுத்து முடித்துப் பார்த்தால் பாதிக்குமேல் வெறும் மங்கல், லென்ஸ் முழுக்கப் பனித்துளி. அன்றிலிருந்து பவர் பேங்கில் ஓடும் சூட்டுப் பட்டையை லென்ஸ் கழுத்தில் சுற்றாமல் வேலையை ஆரம்பிப்பதில்லை.

கிளம்பும் முன் லென்ஸை மூடி, அதே செட்டிங்கில் 30 படம் எடுங்கள். விடிந்ததும் ஃபோகஸைத் தொடாமல், லென்ஸ்மேல் வெள்ளை வேட்டியை இழுத்துப் பிடித்து வானம் பார்த்து 30. முதலாவது சென்சாரின் புள்ளிகளைக் கழிக்க, இரண்டாவது ஓர இருட்டைச் சரிசெய்ய. எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டேக்கர் அல்லது சிரில் என்ற மென்பொருளில் அடுக்குங்கள். இரண்டும் இலவசம்.

அடுக்கிய படம் கருப்பாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற மூன்று நட்சத்திர வரிசைக்குக் கீழே ரோஜா நிறத்தில் நெபுலா மேலே வரும். 1,300 ஆண்டுகளுக்கும் முன்னால் புறப்பட்ட வெளிச்சம் அது. அந்த வரிசையை ஒட்டி இருக்கும் குதிரைத்தலை நெபுலா மட்டும் தெளிவாக வராது. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பைச் சாதாரண கேமராவின் ஃபில்டர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

திருவாதிரையின் நிறத்தை இந்த இடத்தில்தான் காப்பாற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் அது வெளுத்து, நீலமான ரீஜலும் அதுவும் ஒன்றுபோல் ஆகிவிடும். சிரிலில் ஆசின்ஹ் (asinh) என்ற வெளிச்சம் ஏற்றும் முறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நிறம் நிற்கும். போதாவிட்டால் 1 விநாடியில் தனியாக ஐம்பது படம் எடுத்து, அதிலிருந்து அந்த நட்சத்திரத்தை மட்டும் மேலே வைக்கலாம். பிரிண்ட் போடும்போது லேபில் கலர் கரெக்‌ஷன் வேண்டாம் என்று கவர்மேலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆரஞ்சைக் குறைத்து வெள்ளையாக்கிவிடுவார்கள்.