பித்தக்குழாய்த் தொற்று: ஆன்டிபயாடிக் தேர்வில் நடக்கும் தவறுகள்

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் தம் அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணெல்லாம் மஞ்சள். பையைத் திறந்து பாதி தீர்ந்த அமோக்சிசிலின் அட்டையை எடுத்துக் காட்டினார். தம்முடைய பல்வலிக்கு வாங்கியதாம். "மூணு நாளா குடுத்தேன் மிஸ், கேக்கவே இல்ல."

கேட்காதுதான். பித்தக்குழாயில் தொற்றைக் கிளப்புபவை பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள். கிளெப்சியெல்லாவுக்கு அமோக்சிசிலின் இயல்பிலேயே வேலை செய்யாது. ஈ.கோலையிலும் பல வகைகள் அதற்கு மசிவதில்லை. அதைவிட எனக்கு வருத்தம், அரைகுறையாக மருந்து உள்ளே போய்விட்டால் பிளட் கல்ச்சரில் (இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமியே வளராமல் போகலாம் என்பதுதான். பிறகு டாக்டர் ஊகித்தே மருந்து கொடுக்க வேண்டும். மஞ்சளைப் பார்த்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவதும் நம் வீடுகளில் உண்டு. மஞ்சளோடு காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

"நல்லா ஸ்ட்ராங்கான மருந்தா போடச் சொல்லுங்க" என்பது அடுத்தது. எடுத்ததும் எல்லாருக்கும் மெரோபெனம் என்ற மிக வீரியமான ஆன்டிபயாடிக்கைப் போடுவது தவறு. செஃப்ட்ரியாக்சோன் போதுமா, மெட்ரோனிடசோல் சேர்க்க வேண்டுமா, மெரோபெனம்தான் தேவையா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்யும்: நோயாளியின் நிலைமை, அந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற கணக்கு, நோயாளியின் பழைய கதை. இந்தக் கதையைத்தான் பலர் சொல்வதில்லை. கடந்த மூன்று மாதத்தில் வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? வார்டில் இருந்தாரா? பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைபடாமல் திறந்து வைக்கும் சின்னக் குழல்) இருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் பல ஆன்டிபயாடிக்குகளை முறித்துவிடும் ஈ.எஸ்.பி.எல். கிருமியையோ, என்டரோகாக்கஸ் என்ற இன்னொரு குடல் கிருமியையோ நினைத்துப் பார்க்க வேண்டிவரும். பழைய டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். "பென்சிலின் ஒத்துக்காது" என்றால், வந்தது வயிற்றுப்போக்கா, தடிப்பும் மூச்சுத்திணறலுமா என்று பிரித்துச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மருந்தே போதும், டியூப் விட வேண்டாம் என்று ஈ.ஆர்.சி.பி.க்கு (வாய்வழியாக டியூப் விட்டுப் பித்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு) மறுப்பது. கல் அடைத்த குழாயில் அழுத்தம் ஏறி, கிருமி இரத்தத்துக்குள் தள்ளப்படுகிறது. அடைப்பு இருக்கும்வரை மருந்தும் பித்தத்துக்குள் சரியாக இறங்காது. அந்த அம்மாவின் மகனும் முதலில் கையெழுத்துப் போடத் தயங்கினார். மறுநாள் ஈ.ஆர்.சி.பி. செய்ததும் அடைப்பு நீங்கிச் சீழ் கலந்த பித்தம் வடிந்தது. அன்று இரவே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது.

கல்ச்சர் முடிவு வந்த பின்னும் முதல் நாள் மருந்தையே இழுத்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்துத் தவறு. அடைப்பு நீங்கிய பிறகு 4 முதல் 7 நாள் மருந்து போதும் என்கிறது பித்தத் தொற்றுக்கான 2018 டோக்கியோ வழிகாட்டி. இரத்தத்தில் என்டரோகாக்கஸ் போன்ற கிருமி இருந்தால் குறைந்தது 2 வாரம்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருந்தால், அதை எடுக்கும் தேதியைக் கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். மறந்துபோன ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு, அதே தொற்று திரும்ப வரும். அந்த மகன் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, போனில் படமெடுத்து என்னிடம் காட்டினார்.