ஈய விஷத்துக்கு மஞ்சள் மாத்திரையா? காரைக்குடிப் பக்கம் நான் பார்க்கும் தவறுகள்

எங்கள் பங்காளி வீட்டுத் தம்பி காரைக்குடியில் பேட்டரிப் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் குழந்தையில்லை. விந்தணு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரையை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். "ஈயத்தை முறிக்குமாம்ணே" என்றார். சொல்லும்போதே, பழைய பேட்டரியின் ஈயத் தகட்டைப் பிரித்த கையால் இட்லிப் பொட்டலத்தையும் பிரித்தார்.

விஷம் வரும் வழியை அடைக்காமல் மருந்து தேடுவதுதான் பெரிய தவறு. ஈயமும் காட்மியம் என்ற உலோகமும் விரைக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கிளப்புகின்றன. விந்தணுவின் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம் என்பதால் அது முதலில் அடிபடுகிறது. மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குர்செடின், நெல்லிக்காயின் காலிக் அமிலம் எல்லாம் இந்தச் சேதத்தைக் குறைப்பதாக எலி ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. ஆனால் உடலில் சேர்ந்த ஈயத்தை அவை வெளியேற்றிவிடும் என்று நம்பக் கூடாது. இரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் தங்கியதோ வருடக்கணக்கில் கிடக்கும். தினமும் புதிதாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் மாத்திரை என்ன செய்யும்?

எலிக்குப் பலித்த அளவைச் சமையலோடு ஒப்பிடுவதும் தவறு. உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் குர்குமின் என்பது எலி ஆய்வில் சாதாரணம். மனித உடலுக்கேற்பச் சுருக்கினாலும் 70 கிலோ ஆளுக்கு ஒரு கிராமுக்கு மேல் வரும். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஆக, தினம் 35 கிராம் தூளுக்கு மேல் வேண்டும்! சரி, மாத்திரையாக விழுங்கலாமே என்றால், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம் கலந்த மஞ்சள்தூளும் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைப்பது நல்லது. தெரியாதவர் தரும் பற்பம், செந்தூரம் போன்ற நாட்டு மருந்துப் பொடிகளும் வேண்டாம். சிலவற்றில் பாதரசமும் ஈயமுமே இருக்கும்.

ஈயம் உள்ளே வர நம் ஊருக்கென்று சில வழிகள் உண்டு. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பாத்திரம் வாங்கி வந்து நேராக அடுப்பில் ஏற்றுகிறார்கள். எதில் ஈயம் இருக்கிறதென்று தெரியாது, அங்கே அலங்காரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஆச்சிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு சுத்த வெள்ளீயம், அதாவது டின்; நாம் பேசும் விஷ ஈயம் காரீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும். பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பித்தளைக்கு வெள்ளீயம் பூசும்போதும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எழுபது எண்பது வருடக் கதவையும் நிலையையும் உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் பையன்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போக வேண்டாம்.

பீடி சிகரெட்டை விடாமல் நெல்லிச்சாறு குடிப்பவர்களும் உண்டு. புகையிலையில் காட்மியம் இருக்கிறது. அது சிறுநீரகத்தில் 10 வருடத்துக்கு மேல் தங்கும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் சாப்பாட்டில் இருக்கட்டும்.

ஒரு மாதத்தில் பலன் இல்லை என்று சோர்ந்துபோகாதீர்கள். ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள். மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தம்பி நான்கு வருடமாக அதைச் சொல்லவேயில்லை. அதுவரை அவர் மனைவிக்குத்தான் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.