பக்கவாதத்துக்குப் பின் ஆச்சியை எழுந்து நிற்கப் பழக்குவது எப்படி

பயிற்சியில் பத்து தடவையும் எழுந்த ஆச்சி, மறுநாள் காலையில் நாற்காலியை விட்டு அசைய முடியாமல் இருப்பார். சோம்பல் இல்லை. நேற்று எழுந்ததில் பாதிதான் ஆச்சி. மீதி உங்கள் கையும் வாயும்.

வளவுச் சுற்றில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், நாற்காலியைச் சுவரில் முட்டவிட்டுப் போடுங்கள். மெருகேறிய, பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கி ஓடும். தரையில் ஈரம் கூடாது, காலில் காலுறை கூடாது. உட்காரும் மட்டம் முழங்காலைவிட நான்கு விரல் உயரமாக இருக்க ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள்.

பாதம் முழங்காலுக்கு நேர் கீழிருந்து சுமார் 10 செ.மீ. பின்னால் இருக்கட்டும். முன்னால் நீட்டியிருந்தால் எழ முயலும்போதே பின்பக்கம் விழுவார். நல்ல காலைப் பின்னால் இழுத்து, அதன் பலத்திலேயே எழுவது அநேகமாக எல்லோரும் செய்கிற கள்ளத்தனம். அதைத் தடுக்க நல்ல பாதத்தை அரைப் பாதம் முன்னே வையுங்கள். பாதம் வைக்கும் இடத்துக்குத் தரைக்கல்லில் இருக்கிற பூவே அடையாளம். நீங்கள் பலமில்லாத பக்கம் நின்று இடுப்பைப் பிடியுங்கள். சோர்ந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் வலிக்கும். எழுந்ததும் தலை சுற்றினால் உடனே உட்காரவையுங்கள்.

இனி பேச்சு. "முழங்காலை நீட்டுங்க" என்று உடம்பைச் சொல்லாதீர்கள். எதிரே, கைக்குச் சற்று எட்டாத தூரத்தில், நேர் நடுவில் முக்காலி மேல் ஒரு செம்பு வைத்து, "செம்பைத் தொடுற மாதிரி குனிஞ்சு, தரையை அமுக்குங்க ஆச்சி" என்று சொல்லுங்கள். 1998-இல் உடலியக்கக் கற்றலை ஆராயும் கேப்ரியேல் வுல்ஃப் குழு பனிச்சறுக்குப் பயிற்சி இயந்திரத்தில் சோதித்தபோது, தங்கள் பாதத்தை நினைத்தவர்களைவிட இயந்திரத்தின் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள்.

முதல் இரண்டு நாள் ஒவ்வொரு முறையும் திருத்தலாம். பிறகு நான்கு முறை வாயே திறக்காதீர்கள். ஐந்தாவதில் "இப்ப எந்தக் கால்ல பாரம் இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் திருத்துங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தக் குரல் இல்லாமல் எழ வராது. வீட்டாருக்கு இதுதான் கஷ்டம். பாசத்தில் வாய் சும்மா இருக்காது.

எழும் முறை பிடிபட்டதும் இடத்தை மாற்றுங்கள்: நாற்காலி, கட்டில், திண்ணை, மறுபடி நாற்காலி. முன்னைவிடத் தடுமாறுவார், பதற வேண்டாம். ஷியா, மோர்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் காட்டியது இதைத்தான்: கலைத்துப் போட்டுப் பழகினால் பயிற்சியில் தடுமாற்றம், பின்னால் நினைவில் பலம். அது உடல்நலமுள்ளவர்களிடம் செய்த சோதனை என்பதால், முறை பிடிபடும் முன் கலைக்காதீர்கள். ஊஞ்சல் கடைசியில்தான், அதுவும் ஒருவர் சங்கிலியைப் பிடித்திருக்கும்போது.

தினமும் காலையில், பயிற்சிக்கு முன், பேசாமல் மூன்று முறை எழச் சொல்லுங்கள். கையை ஊன்றினாரா, எந்தக் காலில் பாரம் என்று காலண்டரில் குறியுங்கள். இரண்டு காலை தொடர்ந்து மூன்றுமே ஊன்றாமல் வந்தால் ஜமுக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறைக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் எத்தனை முறை எழுந்தார் என்பது இந்தக் கணக்கில் சேராது.