பழைய ஈயச் சிப்பாய்க்குப் புது வண்ணம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய சாமான் கடையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தான் இந்தச் சிப்பாய். உயரம் 54 மில்லிமீட்டர். சட்டையின் சிவப்பு முக்கால்வாசி உரிந்திருந்தது. கழுத்து முறிந்து தலை தனியாக உருண்டுகொண்டிருந்தது. அடித்தட்டைத் திருப்பிப் பார்த்தால் 'பிரிட்டன்ஸ்' என்ற எழுத்து. லண்டனில் இருந்த இந்த நிறுவனம் 1893இல் ஒரு புது வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதுமே நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். பொம்மை உள்ளே கூடாக இருக்கும், ஈயம் மிச்சமாகும், விலையும் குறையும். அதுவரை கடைகளில் நிறைந்திருந்த ஜெர்மனியின் கெட்டிப் பொம்மைகளுக்கு இதுதான் போட்டி. மெட்ராஸ் காலாட்படைக்கும் ஒரு செட் போட்டிருக்கிறார்கள். 1966இல் ஈய வார்ப்பு நின்றுபோனது.

முதலில் ஒரு கேள்வி: பூசத்தான் வேண்டுமா?

என் கைக்கு வந்த முதல் பொம்மையில் பழைய வண்ணம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. அங்கங்கே தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். பளபளப்பு வேண்டும் என்ற ஆசையில் முழுவதையும் உரித்துவிட்டேன். தொழிற்சாலையில் யாரோ ஒருவர் கையால் வைத்த கண்ணும் மீசையும் பத்து நிமிஷத்தில் போய்விட்டன. அது இன்றும் உறுத்துகிறது. பாதிக்கு மேல் வண்ணம் மிஞ்சியிருந்தால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்து அப்படியே வைத்துவிடுங்கள். சேகரிப்பவர்களும் அதைத்தான் மதிப்பார்கள். உடைந்து, உரிந்து, இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் இருப்பவற்றுக்கு மட்டுமே கீழே சொல்வதெல்லாம்.

ஈயம் விஷம்

பொம்மையும் ஈயம், பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கலாம். கையுறை போடுங்கள். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தூள் மூச்சில் போகும். சமையலறையில் இந்த வேலையே வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்ததும் மேசையை ஈரத்தாளால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழைய வண்ணத்தை எடுத்தல்

மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் பொம்மை முழுகும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி, ஓர் இரவு ஊறவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், சில வகை இளகிவிடும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் ஊதுபத்திகூட எரியக் கூடாது. மறுநாள் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் வண்ணம் சேறாக வந்துவிடும். பொத்தான் இடுக்குகளுக்குப் பல்குச்சி போதும். ஊசி வேண்டாம், ஈயத்தில் கீறல் விழும். அந்தச் சேற்றை வாஷ்பேசினில் கொட்டாமல், வெளியில் உலரவிட்டுப் பொட்டலமாகக் கட்டி அபாயக் கழிவோடு சேருங்கள்.

பித்தளைப் பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்ப்போம். அந்தப் பழக்கத்தில் இங்கே புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் தொடாதீர்கள். அமிலம் ஈயத்தை அரிக்கும். அதிலும் வினிகர்தான் மோசம்.

தலையை ஒட்டுதல்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. உடம்பு கூடுதானே, கழுத்தில் தானாகவே ஓட்டை இருக்கும். அந்தக் காலத்து வீடுகளில் தீக்குச்சியைச் செருகித்தான் தலையை நிறுத்தினார்கள். பழைய பொம்மைகளின் கழுத்தில் இன்றும் அந்தக் குச்சியைப் பார்க்கலாம். நாமும் அதையே செய்வோம். குச்சியின் மருந்தை வெட்டிவிட்டு, ஓட்டைக்கு ஏற்றபடி பிளேடால் சீவிக்கொள்ளுங்கள். அரால்டைட் பசையின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு கலந்து, குச்சியில் தடவி, பாதி உடம்புக்குள்ளும் பாதி தலைக்குள்ளும் போகும்படி செருகுங்கள். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இப்போதே சரிபார்த்துவிடுங்கள், இறுகியபின் திருப்ப முடியாது. களிமண்ணில் நட்டு ஒரு நாள் விடுங்கள். இடைவெளி தெரிந்தால் எம்-சீலைக் கடுகளவு எடுத்து, ஈர விரலால் நிரவுங்கள். கழுத்துப்பட்டை வண்ணம் அதை மறைத்துவிடும்.

ப்ரைமர்

சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, இரட்டைப்பக்க டேப்பால் பாட்டில் மூடிமேல் நிறுத்துங்கள். உலோகத்துக்கான சாம்பல்நிற ஸ்ப்ரே ப்ரைமரை ஒரு சாணுக்குச் சற்று அதிகமான தூரத்திலிருந்து மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். மழைநாளில் அடிக்காதீர்கள், வெளுத்துப்போகும்.

வண்ணம்

பளபளக்கும் எனாமல்தான் இந்தப் பொம்மைக்குப் பொருத்தம். நிழல், மடிப்பு எல்லாம் வேண்டாம். அது பொம்மைதான், சிலை இல்லை. முதலில் முகமும் கையும், பிறகு சிவப்புச் சட்டை, கருநீலக் காற்சட்டை, கறுப்புக் கரடித்தோல் தொப்பி. வெள்ளைப் பட்டை கடைசியில். ஒவ்வொரு நிறமும் காய ஒரு நாள் கொடுங்கள்.

பிரிட்டிஷ் அரண்மனைக் காவல் காலாட்படையில் இவன் எந்தப் பிரிவு என்பதைத் தொப்பியின் இறகு சொல்லும். கிரெனடியர் என்றால் இடப்பக்கம் வெள்ளை, கோல்ட்ஸ்ட்ரீம் என்றால் வலப்பக்கம் சிவப்பு. ஸ்காட்ஸ் படைக்கு இறகே இல்லை. உங்கள் பொம்மையில் இறகு எந்தப் பக்கம் வார்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பூசுங்கள்.

கண்ணுக்கு பிரஷ் வேண்டாம். பல்குச்சி முனையைக் கறுப்பில் தொட்டு, முதலில் தாளில் ஒரு புள்ளி வைத்து, மிச்சமிருப்பதை முகத்தில் வையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தால் கை ஆடாது. கன்னத்தில் இளஞ்சிவப்பு ஒரு துளி, அதை விரலால் லேசாக ஒற்றி எடுத்துவிடுங்கள். அந்தக் கணத்தில் அவன் நம்மைப் பார்க்கத் தொடங்குவான்.

வைக்கும் இடம்

மர அலமாரியும் அட்டைப்பெட்டியும் ஆகாது. அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி பட்டு, ஈயத்தில் வெள்ளைத்தூள் பூக்கும். கண்ணாடித் தட்டோ இரும்பு அலமாரியோ நல்லது. வைப்பதற்கு முன் அடித்தட்டில் மெல்லிய பிரஷ்ஷால் 'மறுவண்ணம்' என்றும் ஆண்டையும் எழுதிவிடுங்கள். பின்னால் வாங்குகிறவர் அசல் வண்ணம் என்று நம்பி ஏமாறக் கூடாது.