திரவம் புகுந்த மடிக்கணினியையும் கைபேசியையும் பழுதுபார்க்கும் முறை

திரவம் புகுந்த கருவி மேசைக்கு வந்தவுடன், இயங்குகிறதா என்று பார்க்கும் ஆவலில் பவர் பொத்தானை அழுத்துவதே பெரும்பாலும் அதற்கு நேரும் இரண்டாவது கேடு. முதலில் உறையைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்திருக்கும்வரை செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் இந்த அரிப்பு நிற்காது.

பிறகு மதர்போர்டைத் தனியே எடுத்து, உலோக மூடிகளையும் அகற்றி, நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். பச்சையும் வெண்மையுமாகப் பூத்த படிவு கனெக்டர் ஊசிகளைச் சுற்றியும், திரைக்குப் பின்னிருந்து ஒளியூட்டும், மின்னழுத்தம் மிகுந்த பேக்லைட் சுற்றின் அருகிலும் அடிக்கடி தென்படும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தூரிகையால் அதைத் தேய்த்தெடுக்கலாம். சர்க்கரை கலந்த பானம் சிப்புகளின் அடியில் ஊறியிருந்தால் திரவத்தில் மீயொலி அதிர்வுகளை எழுப்பி அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் கிளீனரே தகும். பேட்டரி, திரை, கேமரா, ஒலிவாங்கி ஆகியவற்றை அதில் இடலாகாது.

நன்கு உலர்ந்தபின், போர்டுக்கு மின்சாரம் வழங்கும் முதன்மை மின்தடத்துக்கும் கிரவுண்டுக்கும் (சுற்றின் பொதுவான சுழிய மின்னழுத்தப் புள்ளி) இடையிலான மின்தடையை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அது சுழியத்தை ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு மின்தேக்கி ஷார்ட் ஆகியிருக்கலாம். மின்னோட்டத்தை வரையறுத்து, அந்தத் தடத்தில் ஏறத்தாழ 1 வோல்ட் மட்டும் செலுத்தினால் ஷார்ட் ஆன பாகம் சூடாகும்; போர்டில் பூசிய ஆல்கஹால் எந்தப் பாகத்தின்மேல் முதலில் ஆவியாகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். கருவி உயிர்பெற்றதும் தரவுகளை நகலெடுத்த பின்னரே மற்ற சோதனைகளுக்குச் செல்ல வேண்டும்.