சரளமாக வாசித்தாள், ஒன்றும் புரியவில்லை

மகளுக்கு ஏழு வயது. கதைப் புத்தகம் என்றால் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். சிலந்தி பற்றிய தகவல் புத்தகத்தையும் தடங்கலின்றி வாசித்து முடித்தாள். "என்ன படிச்சே?" என்றேன். விழித்தாள்.

தவறு என்னுடையதுதான். கதையைப் போல முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு பரீட்சை போலக் கேள்வி கேட்டேன்.

மறுநாள் புத்தகத்தைத் திறக்கும் முன்பே, "சிலந்தியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். "அது ஒரு பூச்சி" என்றாள். அதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டோம். திருத்தவில்லை, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டமாக இருந்தது! பொருளடக்கத்தைக் காட்டி, பிடித்த தலைப்பை எடுக்கச் சொன்னேன். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தோம். கால்களை எண்ணினாள்: 8. பக்கத்தில் எறும்புப் படம்: 6.

"அப்போ இது பூச்சி இல்லையாப்பா?"

"வாசிச்சுப் பாரேன்."

இந்தமுறை தேடி வாசித்தாள். பூச்சிகளுக்கு 6 கால், சிலந்தி வேறு இனம் என்ற வரி கிடைத்ததும், தாளில் இருந்ததை அவளே அடித்துவிட்டாள்.

இன்னொன்றும் தெரியவந்தது. 'இரை' என்ற சொல்லை இரைச்சல் என்றே நினைத்திருக்கிறாள். வலைக்குள் சத்தம் வந்து மாட்டுகிறது என்றால் யாருக்குத்தான் புரியும்? இப்போதெல்லாம் அப்படிப்பட்ட இரண்டு மூன்று சொற்களை முன்கூட்டியே பேசிவிடுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அவ்வளவுதான். முடித்ததும் படம் வரைந்து, பாகங்களுக்கு அவளே பெயர் எழுதுகிறாள்.