பைத்தானிலிருந்து எக்செல்லை இயக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஸ்கிரிப்ட் முடிந்து வெகுநேரம் ஆகியும் டாஸ்க் மேனேஜரில் நாலைந்து எக்செல் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபைலைத் திறக்கப் போனால் வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும். பைத்தானிலிருந்து விண்டோஸ் செயலிகளை இயக்க உதவும் பைவின்32 நூலகத்தை வைத்து எக்செல்லை இயக்கியவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. நடுவில் ஒரு பிழை வந்து ஸ்கிரிப்ட் நின்றுவிட்டால் எக்செல்லை மூடும் க்விட் வரி ஓடியே இருக்காது. திரையில் காட்டாதே என்று சொல்லும் விசிபிள் ஃபால்ஸ் இருப்பதால் கண்ணிலும் படாது. ஒர்க்புக்கை மூடுவதையும் க்விட்டையும், பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள், எக்செல்லைப் பிடித்து வைத்திருக்கும் ஷீட், ரேஞ்ச் மாறிகளையும் விடுவித்துவிடுங்கள். இதற்குப் பயந்து மொத்த எக்செல்லையும் கொல்லும் கட்டளையை எழுதிவிடாதீர்கள், பக்கத்தில் ஒருவர் சேமிக்காமல் வைத்திருக்கும் கணக்கும் சேர்ந்து போய்விடும்.

அதே ஆபத்து, எக்செல்லைத் தொடங்கப் பயன்படுத்தும் டிஸ்பேட்ச் கட்டளையிலும் இருக்கிறது. ஏற்கெனவே ஓர் எக்செல் ஓடினால் அது அதையே பிடித்துக்கொள்ளும், அப்புறம் நீங்கள் க்விட் சொன்னால் மூடப்படுவது பயனர் வேலை செய்துகொண்டிருந்த எக்செல். டிஸ்பேட்ச்இஎக்ஸ் உங்களுக்கென்று புதிதாக ஒன்றைத் திறக்கும், அதைத்தான் பயன்படுத்துங்கள்.

நேரத்தை அதிகம் தின்பது செல் செல்லாக எழுதுவது. எக்செல் தனி ப்ராசஸ், நீங்கள் புள்ளி வைத்துக் கேட்கும் ஒவ்வொன்றும் அங்கே போய்த் திரும்பி வர வேண்டும். 5,000 வரிசை, 10 நெடுவரிசை என்றால் குறைந்தது 50,000 தடவை போய்வருகிறீர்கள். மொத்தத்தையும் பட்டியல்களின் பட்டியலாக்கி, அதே அளவுள்ள ரேஞ்சின் வேல்யூவில் ஒரே தடவையில் கொடுத்தால் போதும். படிப்பதும் அப்படித்தான், ஆனால் ரேஞ்ச் ஒரே செல்லாக இருந்தால் மதிப்புகளின் தொகுப்பான டியூப்பிள் வராது, வெறும் மதிப்புதான் வரும். அங்கேதான் பலருக்கு லூப் உடைகிறது.

ஃபைலின் பெயரை மட்டும் கொடுக்காதீர்கள். எக்செல் தேடுவது அதன் நடப்பு ஃபோல்டரில், உங்கள் ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தில் இல்லை. முழுப் பாதையும் வேண்டும்.

சேமிக்கும்போது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் எக்செல் ஒரு கேள்விப் பெட்டியைத் திறந்துவிட்டுக் காத்திருக்கும், மறைந்திருக்கும் எக்செல் என்பதால் உங்களுக்கு அது தெரியாது, ஸ்கிரிப்ட் அப்படியே நிற்கும். இந்தப் பெட்டிகளைக் கட்டுப்படுத்தும் டிஸ்ப்ளேஅலெர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கினால் கேட்காது, சரி, ஆனால் கேட்காமலே பழையதை அழித்து எழுதிவிடும் என்பதையும் நினைவில் வைத்து முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத சர்வரில் இதை ஓட்ட நினைத்தால் வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டே பரிந்துரைக்காத வழி அது. எண்களைப் படித்து எழுதுவது மட்டும்தான் வேலை என்றால் ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற பைத்தான் நூலகம் போதும், எக்செல்லே தேவையில்லை. அது ஃபார்முலாவைக் கணக்கிட்டுத் தராது, மேக்ரோவை ஓட்டாது. அவை வேண்டியிருக்கும்போது மட்டும் எக்செல்லை எழுப்புங்கள்.